ஆண்டிச்சாமி அண்ணன் கூப்பிடாமல் விட்ட ஆள்

பால்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். முந்தின நாள் பால் திரிந்துபோனதற்கு என் பாத்திரம்தான் காரணம் என்று அவர் சாதித்தார். நான் விடுவேனா? அந்த நேரத்தில் போன் அடித்தது. கனகு. "டீச்சர், அப்பா போயிட்டாக" என்றாள். "காப்பி கேட்டாக. ஆத்திக் கொண்டாந்து பாத்தா கை தொங்கிக் கெடக்கு." பால்காரரிடம், "போங்கய்யா, பெறகு பேசிக்கலாம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். திருநகரிலிருந்து விளாங்குடி போய்ச் சேரும்வரை ஆட்டோவில் அழுதுகொண்டே போனேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பாட்டை நிறுத்தினார்.

தெருமுனையில் அதற்குள் பேனர் கட்டிவிட்டார்கள். நம் பிள்ளைகள் இந்த ஒரு வேலையில் படு வேகம். மாலைக்கு நடுவே அண்ணனுடைய ரேஷன் கார்டுப் படம். கீழே, "பொறுமையின் சிகரமே, அமைதியின் இருப்பிடமே, கல்குவாரி விபத்தில் தப்பி வந்த தெய்வப் பிறவியே" என்று அச்சடித்திருந்தது. "விபத்து" என்ற சொல்லைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவர் எழுந்து வந்து கேட்க மாட்டார் என்பதற்காக என்ன வேண்டுமானாலும் எழுதிவிடுவதா?

ஆண்டிச்சாமி அண்ணனை உங்களில் பலருக்குத் தெரியும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை மூட்டை இறக்கியவர். இடது காது கேட்காது. வலது பக்கம் வந்து பேசச் சொல்வார். கல் தூசி தின்ற நெஞ்சு, நாலு வார்த்தைக்கு ஓர் இருமல். அதற்கு முந்தைய வாழ்க்கை பலருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். மேலூருக்கு அந்தப் பக்கம் ஒரு குவாரியில் கொத்தடிமையாகக் கிடந்தார், அங்கே வேட்டு வெடித்ததில் மேஸ்திரி செத்தார், அதன் பிறகு அதிகாரிகள் வந்து எல்லோரையும் மீட்டார்கள். வெளியே தெரிந்த கதை இவ்வளவுதான். அது விபத்து இல்லை. மேஸ்திரியை அண்ணன்தான் கொன்றார்.

இதை நானாக அவிழ்த்துவிடவில்லை. போன மாதம் பெரியாஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தவர், குழாயைக் கையால் ஒதுக்கிவிட்டுச் சொன்னார்: "கனகு வாழ்க்கை, பேத்தி படிப்புன்னு இம்புட்டு நாளும் வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன். நான் போனப்பெறகு உள்ளதச் சொல்லிருங்க டீச்சர். அந்த எடத்துல நான் மனுசனாச் செஞ்சது அது ஒண்ணுதேன். அதையும் விபத்துன்னு சொல்லிப் புடுங்கிராதீக." நான் சரி என்றேன்.

கட்டில் காலடியில் நின்ற கனகு என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கனகு அவருடைய ஒரே மகள். "சொல்லக் கூடாது டீச்சர். எம் மக பத்தாவது படிக்கிறா. கொலைகாரன் பேத்தின்னு ஒருத்தி சொன்னாப் போதும், பள்ளிக்கூட வாசல மிதிப்பாளா? நீங்க எழுதிட்டு வீட்டுக்குள்ள ஒக்காந்துக்கிருவீக. நாங்கதேன் தெருவுல நடக்கணும்" என்றாள். போகிறவருக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், இருக்கிறவளின் பயம் ஒரு பக்கம். நடுவில் மாட்டிக்கொண்டு திருதிருவென்று முழித்தேன்.

அண்ணனை நான் அறிந்தது சனிக்கிழமைக் கூட்டங்களில். மீட்கப்பட்டவர்களுக்காக எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறையைத் திறந்துவிடுவோம். மனு எழுதுவது என் வேலை. அவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்ல, நான் அதட்டி உருட்டி ஒழுங்குபடுத்துவேன். அண்ணன் கதவை ஒட்டிய பெஞ்சில்தான் உட்காருவார். காற்றில் கதவு தானாகச் சாத்திக்கொண்டால், யார் பேசிக்கொண்டிருந்தாலும் சரி, எழுந்து போய்த் திறந்து வைத்துவிட்டு வருவார். ஒருவரும் ஏன் என்று கேட்டதில்லை. குவாரியில் பொழுது சாய்ந்தால் தகரக் கொட்டகைக்கு வெளியே பூட்டுப் போடுவார்கள் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கூட்டத்துக்குச் சுந்தரம் சாரும் வருவார். ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர், கதர்ச் சட்டை, எறும்பைக் கண்டால் ஒதுங்கி நடக்கிறவர். ஒருநாள் ஏதோ பேச்சுவாக்கில் அவர் சொன்னார்: "அடிமைப்பட்டவன் எஜமானைக் கொன்னாலும் கொலை கொலைதான். சட்டம் எதுக்கு இருக்கு? நாமளும் ரத்தம் சிந்த வச்சா அவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?" கதவோரத்திலிருந்து அண்ணன் கேட்டார்: "சட்டம் எங்க குவாரிக்கு எந்த பஸ்ல சார் வரும்? அம்புட்டு வருசமும் பாத்துக்கிட்டே இருந்தோம், எறங்கவே இல்லையே." வகுப்பறையே சிரித்தது. சார் விடவில்லை. "சரிப்பா, ஓடிப் போயிருக்கலாமே?" என்றார். சிரிப்பு நின்றுவிட்டது. "ஓடுனான் சார்" என்றார் அண்ணன். "எம் மச்சினன் ஓடுனான்."

செல்லப்பாண்டி அண்ணனுடைய மனைவியின் தம்பி. அக்கா காய்ச்சலில் செத்தபோது தூக்கிப் போடக்கூட விடுப்பு இல்லை என்றதிலிருந்து அவன் ஓடத் துடித்துக்கொண்டிருந்தான். கண்மாய்க் கரையும் வயலுமாக நடந்து மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு வரை வந்துவிட்டான். தூத்துக்குடி பஸ்ஸுக்கு நின்றான். மேஸ்திரி ஜீப்பில் வந்து இறங்கிச் சட்டையைப் பிடித்து, "திருட்டுப் பய! திருட்டுப் பய!" என்று கத்தினார். அவ்வளவுதான். பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் கூடிவிட்டார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றினார், ஒருவர் குடையால் குத்தினார். நான் திருடன் இல்லை என்று சொல்ல அவன் வாயைத் திறந்தபோது வாயிலேயே குத்து விழுந்து முன்பல் போனது. அடித்து ஓய்ந்தபின் ஜீப்பில் தூக்கிப் போடவும் அவர்களே கைகொடுத்தார்கள். இதைப் படிக்கிறவர்களில் யாராவது அன்றைக்கு அங்கே நின்றிருக்கலாம். லீவுக்கு ஊருக்குப் போக நானும் அங்கேதான் பஸ் ஏறுவேன்.

குவாரியில் எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்தார் மேஸ்திரி. செல்லப்பாண்டியின் வலது காலை ஒரு கல்லின் மேல் நீட்டச் சொன்னார். "சொந்தக்காரன் எவன்டா? நீ வா, பிடி" என்றார் அண்ணனிடம். அண்ணன் நகரவில்லை. "அப்பச் சரி, ஒம் மக கால வையி" என்றார். கனகு அப்போது ஜல்லி அள்ளும் சிறுமி, வட்டத்தில் நின்றுகொண்டிருந்தாள். அண்ணன் போய்க் காலைப் பிடித்தார். கல் உடைக்கிற சம்மட்டியால் மேஸ்திரி கணுக்காலில் அடித்தார். முதல் அடியிலேயே எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பாதம் பாதமாக இல்லாமல் போகும்வரை அடித்தார். கல்லில் வழிந்த ரத்தத்தின் மேல் மண்ணை அள்ளிப் போட்டதும் கனகுதான், போடச் சொன்னார்கள். "அவன் கத்துனது எனக்குச் சரியாக் கேக்கல சார்" என்றார் அண்ணன். "பாதிக் காது வேட்டுல போயிருச்சு. கையிலதேன் கேட்டுச்சு. ஒவ்வொரு அடிக்கும் அந்தக் காலு துள்ளுனது இன்னும் கையில இருக்கு."

டாக்டரிடம் கொண்டுபோகவில்லை. கால் அழுகி, சீழ் வைத்து, ஜன்னியில் பிதற்றிப் பிதற்றி அந்தப் பிள்ளை செத்துப்போனான். கழிவுக் கல் கொட்டுகிற மேட்டில் புதைத்தார்கள். ஒப்பாரி வைக்கக் கூடாது, வேலை கெடும் என்று உத்தரவு. இதை அண்ணன் சொல்லி முடித்தபோது சுந்தரம் சார் எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டார். அடுத்த சனிக்கிழமை வந்தார். தன் கருத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. கடைசிவரை கொலை கொலைதான் என்றார். ஆனால் அன்றிலிருந்து அண்ணனுக்கு இருமல் மருந்து வாங்கி வருவது அவர் வேலையாயிற்று.

மிச்சத்தை அண்ணன் பூ மார்க்கெட் டீக்கடையில் வைத்து என்னிடம் மட்டும் சொன்னார். குவாரியில் அவர்தான் வேட்டுக்காரர். பாறையில் குழி போட்டு மருந்து வைத்து, திரியைப் பற்றவைக்கிற வேலை. அந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. பற்றவைக்கும் முன்னால் வேட்டுக்காரர் மேட்டில் ஏறி நின்று ஒவ்வொரு ஆளையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பெயருக்குரியவர் மறைவுப் பாறைக்குப் பின்னால் போய் நின்று, "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். கைக்குழந்தைக்கும் பெயர் உண்டு, தாய் பதில் சொல்வாள். ஒரு குரல் குறைந்தாலும் தீக்குச்சி கிழிக்கக் கூடாது. "எங்கள யாரும் ஆளா மதிச்சதில்ல. அந்த ஒரு நேரத்துலதேன் ஒவ்வொருத்தரும் ஆளு" என்பார் அண்ணன்.

மேஸ்திரியின் முறை எப்போதும் கடைசி. பள்ளத்துக்குள்ளேயே ஒரு பாறை நிழலில் துண்டை விரித்துப் படுத்திருப்பார். மற்றவர்கள் ஓடி ஒளிந்தபின், "மேஸ்திரி, வாங்க" என்று தனியாகக் கூப்பிட வேண்டும். பெயர் சொல்லக் கூடாது. கூப்பிட்டால்தான் எழுந்திருப்பார், கூப்பிடுமுன் எழுந்தால் கூலிக்காரர்களோடு சேர்ந்து ஓடினது போல் ஆகிவிடுமாம். மெதுவாக பீடி பற்றவைத்து, எல்லோரையும் காக்க வைத்து, ஆடி அசைந்து ஏறி வருவார். வேட்டுக்கு முன்னால் தன்னைக் கூப்பிடாமல் விட ஒருவனுக்குத் துணிச்சல் வரும் என்று அந்த மனிதர் கனவில்கூட நினைத்ததில்லை.

செல்லப்பாண்டியைப் புதைத்த பிறகு வந்த முதல் வேட்டு. அண்ணன் மேட்டில் ஏறினார். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார், ஒவ்வொரு குரலாக வந்தது. கனகுவைக் கூப்பிட்டார், அவளும் "இருக்கேன்" என்றாள். அத்தோடு நிறுத்திக்கொண்டு குனிந்து திரியைப் பற்றவைத்தார். "கடைசிக் கூப்பாடு வரலன்னு மறைவுல நின்ன அம்புட்டுப் பேருக்கும் தெரியும் டீச்சர். ஒருத்தரும் வாயத் தெறக்கல" என்றார். வெடித்தது. புகை அடங்கியபின் போய்ப் பார்த்தார்கள். மேஸ்திரியின் இடுப்புக்குக் கீழே பாறை இறங்கியிருந்தது. உடனே சாகவில்லை. "ஏன்டா கூப்பிடல?" என்று இரண்டு தடவை கேட்டார். வாயில் ரத்தம் பொங்கி வந்தது, பிறகு தலை சாய்ந்துவிட்டது. அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

வெற்றி என்று கைதட்டிவிடாதீர்கள். அன்று சாயங்காலமே முதலாளியின் ஆட்கள் இரும்புக் கம்பிகளோடு வந்து இறங்கினார்கள். ஆண், பெண், கிழடு, பிள்ளை என்று பார்க்கவில்லை. கஞ்சி காய்ச்சுகிற வீரம்மாவை முகத்தில் அடித்ததில் ஒரு கண் கம்பியோடு வந்துவிட்டது. அந்த அலறலைத்தான் ரோட்டில் போன யாரோ கேட்டுப் போலீசுக்குச் சொல்லியிருக்கிறார்கள். போலீஸ் வந்தது, தாசில்தார் வந்தார், பூட்டு உடைந்தது. அத்தனை வருசமும் எட்டிப் பார்க்காத ஜீப்புகள் ஒரு பிணத்துக்கு வரிசையாக வந்து நின்றன. ஒருவரும் வாய் திறக்காததால் விபத்து என்று எழுதி முடித்தார்கள். முதலாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. வீரம்மாவைப் பார்க்கும்போதெல்லாம் அண்ணன் அவளுடைய நல்ல கண் பக்கம் போய் நின்றுதான் பேசுவார். "செத்தது சம்மட்டிதேன். புடிச்ச கை ஏசி ரூம்ல இருக்கு. குறுக்க இவ கண்ணு போச்சு" என்று ஒருதரம் என்னிடம் சொல்லி அழுதார்.

விளாங்குடித் தெருவில் தீபாவளியைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். அண்ணன் இருக்கும்போது ஒரு பிள்ளையும் தன்னிஷ்டத்துக்கு வெடி வைக்க முடியாது. தெருவின் நடுவே நின்று ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் கூப்பிடுவார். வாசலுக்கு வாசல், "இருக்கேன் தாத்தா!" என்று குரல் வரும். எல்லாம் முடிந்த பிறகு, "மேஸ்திரி, வாங்க" என்று ஒரு குரல் கொடுப்பார். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. அவர்களும் சேர்ந்துகொண்டு, "மேஸ்திரி, வாங்கோ!" என்று கத்திக் குதிப்பார்கள். அண்ணன் கேட்கிற காதைத் தெருமுனைப் பக்கம் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். அப்புறம்தான் ஊதுபத்தியைக் கொடுப்பார்.

விவரம் தெரிந்தபின் எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. "என்ன அண்ணே இது, செஞ்சதுக்கு வருத்தப்படுறீகளா?" என்று நேராகவே கேட்டுவிட்டேன். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "வருத்தமா? மறுபடி அந்த நாளு வந்தா மறுபடியும் கூப்பிட மாட்டேன். அவன் இருந்திருந்தா அடுத்து எம் மக காலு. ஆனா நான் விட்டது ஒரு ஆள டீச்சர், நாயை இல்ல. அவனும் ஒரு காலத்துல எங்களோட கல்லு ஒடச்சவந்தேன். ஆளுன்னு தெரிஞ்சுதேன் விட்டேன். அத மறந்தேன்னா நானும் மேஸ்திரி ஆயிருவேன்" என்றார்.

அடிமைக்குத் திருப்பி அடிக்க நியாயம் உண்டா என்று சனிக்கிழமைகளில் நாங்கள் டீயும் வடையுமாக விவாதித்திருக்கிறோம். இப்போது என்னைக் கேட்டால் சொல்கிறேன். உண்டு. மச்சினன் காலைப் பிடிக்க வைக்கப்பட்டவனைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் பொறு என்று சொல்ல, ஃபேனுக்கு அடியில் படுக்கிற எனக்கு எந்த யோக்கியதையும் கிடையாது. பூட்டை வெளியே போட்டவன்தான் உள்ளே நடந்ததற்குப் பொறுப்பு. ஆனால் அதை நான் உரக்கச் சொல்லிச் சந்தோஷப்பட அண்ணன் ஒருநாளும் இடம் கொடுத்ததில்லை. அவரைப் பொறுமையின் சிகரம் என்று பேனரில் எழுதுகிறவர்களுக்கும் இடம் கொடுக்கமாட்டார். எங்கள் இரு தரப்பையும் ஒரே இருமலில் அடக்கிவிடுவார்.

மதியம் தூக்குகிற நேரம் வந்தது. குவாரியில் உடனிருந்தவர்கள் ஒரு மினி லாரியில் வந்திருந்தார்கள், வீரம்மாவும் வந்திருந்தாள். கொட்டுக்காரர்கள் முன்னால் போக, பையன்கள் தெருவில் வெடிச்சரத்தை நீளமாக விரித்துப் பற்றவைக்கக் குனிந்தார்கள். "நிறுத்துங்கடா!" என்று ஒரு சத்தம். தலைவிரி கோலமாகக் கனகு பாடையைத் தாண்டி வந்து தெரு நடுவே நின்றாள். கொட்டு நின்றது. "வீரம்மா!" என்று கூப்பிட்டாள். "இருக்கேன்" என்றாள் வீரம்மா. குவாரி ஆட்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டாள். தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டாள். தன் மகளைக் கூப்பிட்டாள். என்னையும், "டீச்சர்!" என்றாள். "இருக்கேன்" என்று கையைத் தூக்கினேன்.

பிறகு அவள் மூச்சை இழுத்து, "மேஸ்திரி, வாங்க" என்றாள். பழக்கத்தில் இரண்டு பிள்ளைகள் சேர்ந்து கத்த ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். குவாரி ஆட்களில் ஒருவரும் தலையைத் தூக்கவில்லை. கனகு அப்பாவைப் போலவே காதைத் தெருமுனைப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். பிறகு பையன்களைப் பார்த்துத் தலையசைத்தாள். வெடித்தது.

புகைக்குள்ளேயே என்னிடம் வந்தாள். "காலையிலயே எம் மக கையப் பிடிச்சு ஒக்கார வச்சு எல்லாத்தையும் சொல்லிட்டேன் டீச்சர். அது அப்பா மட்டும் செஞ்சதில்ல. கடைசிக் கூப்பாடு வரலன்னு அன்னைக்கு எனக்கும் தெரியும். சின்னப் புள்ளதேன், ஆனா நல்லாவே தெரியும். ஒரு சத்தம் குடுத்திருந்தா அந்தாளு எந்திரிச்சு வந்திருப்பாரு. மாமன் கால நெனச்சேன். குடுக்கல" என்றாள். கொட்டுச் சத்தத்தில் குனிந்து என் காதருகே வந்தாள். "எழுதுங்க. என்னையும் சேத்து எழுதுங்க."

எழுதிவிட்டேன், கனகு. அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவர் கொடுத்த வாக்குமூலத்தை அல்ல. மேஸ்திரியைக் கூப்பிட்ட பிறகு, பதில் வராது என்று தெரிந்தும், கேட்கிற காதைத் திருப்பிக்கொண்டு அவர் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான். அந்த நேரம் இன்று உன்னிடம் இருக்கிறது. என்னிடமும் கொஞ்சம் இருக்கிறது.